இரண்டு பிரேக் வண்டியும் அறுபது மதிப்பெண்ணும்

அக்டோபர் 7, செவ்வாய்

முப்பத்தொன்று. நூற்றுக்கு.

துவைக்க எடுத்த காலுறை ஏன் இப்படி மொறமொறக்கிறது என்று உதறினால், உள்ளே காலாண்டுக் கணக்கு விடைத்தாள், எட்டாக மடித்து. ஒளிக்கிறதுக்கு வேறு இடமே கிடைக்கலையாடி என்று கேட்டேன். "நீ பத்து நாளைக்கு ஒருதடவைதானேம்மா துவைப்பே" என்றாள் மகள். திட்ட வாயெடுத்தவள் சிரித்துத் தொலைத்துவிட்டேன். நான் சிரித்ததும் அவள் அழ ஆரம்பித்தாள்.

ஏழு வயதிலிருந்து ஒரே பேச்சுதான் இவளுக்கு: நீ ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ரோட்டை எல்லாம் நான் போடுவேன். சாலை, பாலம் கட்டுகிற படிப்பு. அதற்கு ஆண்டுத் தேர்வில் கணக்கில் அறுபது வேண்டும். ஐம்பத்தொன்பதே முக்கால் என்றாலும் கல்லூரி வாசல்படி மிதிக்க முடியாது. தேர்வு மார்ச்சில்.

பதினாறு வருடமாக இந்த ஊரில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெற்ற பெண்ணுக்கு ஒரு கணக்குச் சொல்லித்தர வக்கில்லை. நான் படித்த கணக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

டியூஷன் எதற்கு, நான் இல்லையா என்று இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், கணக்கு தண்ணீர்பட்ட பாடாம். நேற்று அரைமணி நேரம் ஓடியது. இன்று பதினோரு நிமிடம். இப்போது அப்பாவும் மகளும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "அம்மா, உப்பு ஜாடியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." ஜாடி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று இடம் ஏறி இறங்கியாயிற்று.

முதல் இடம் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம். அறுபது பிள்ளைகள், மைக்கில் வாத்தியார். கடைசி வரிசையில் ஒருத்தன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது இடத்தில் நுழைவுத்தேர்வு வைப்பார்களாம், எழுபது வாங்கினால்தான் சேர்ப்பார்களாம். எழுபது வாங்குகிறவள் உங்களிடம் ஏன் வருகிறாள் என்று கேட்டேன். "எங்க ரிசல்ட் நூறு சதவீதம் மேடம்" என்றது வரவேற்பில் இருந்த பெண். பின்னே இருக்காதா.

மூன்றாவது, வீட்டுக்கே வந்து தனியாகச் சொல்லித்தருகிறவர். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு நான் வாங்குவதில் ஒன்றரை மடங்கு கேட்கிறார். அவருக்கு என்ன, கையில் புத்தகம், தலைக்கு மேல் மின்விசிறி. நான் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை உயிர் பிழைக்கிறேன்.

இவர் அதிகப்படி வேலை எடுக்கிறேன் என்றார். ஏற்கனவே ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்டுக்குள்தான் இருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். வேண்டாம் என்றுவிட்டு என்ன செய்யப் போகிறேன்?

அக்டோபர் 16, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. அதற்கு முன் இன்ஷூரன்ஸ் மேடத்தைப் பற்றி எழுத வேண்டும்.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் இவரைப் போல ஒருத்தர் கிடையாது. முப்பத்தைந்து வயதிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எந்த மாதிரி ஆள் எந்த மாதிரி இடத்தில் எத்தனை முறை மோதுவான் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. அதுதான் வம்பு. ஊரில் எந்த முக்கில் மாதத்துக்கு எத்தனை மோதல் என்று ஆளுக்கு மனப்பாடம். அதனால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வண்டி நகராது. சைக்கிள்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்துவார்கள். லைசென்ஸ் சோதனையில் மூன்று முறை தோற்றவர். முதல் இரண்டு முறை பயத்தில். மூன்றாவது முறை, சோதனை அதிகாரி கிளம்பலாம் என்று சொன்ன பிறகும் அவர் கிளம்பவே இல்லை.

ஆனால் லைசென்ஸ் அவருக்குக் கட்டாயம் வேண்டும். ஊர் எல்லையில் திறக்கிற புதுக் கிளைக்கு அவரைப் பொறுப்பாகப் போடுகிறார்கள். அங்கே பஸ் போகாது. அலுவலக வண்டி தருவார்கள், ஓட்டத் தெரிய வேண்டும்.

இன்று சிக்னலில் நிற்கும்போது, மகள் கோட்டைவிட்ட கணக்கைப் பற்றிச் சும்மா புலம்பினேன். பையில் சிவப்புப் பந்து, நீலப் பந்து, எடுத்தால் எது வரும் என்கிற அந்தக் கணக்கு. ஸ்டியரிங் மேல் விரலால் கோடு போட்டுச் சொன்னார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். மறுபடி சிவப்பு. எனக்கு, எனக்கே, புரிந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

கேட்டுவிட்டேன். நீங்கள் எனக்குப் பணம் தர வேண்டாம், அதற்குப் பதில் என் பெண்ணுக்கு...

அவர் யோசிக்கவே இல்லை. மணிக்கு மணி, என்றார். ஒரு மணி நேரம் நான் ஓட்டச் சொல்லித்தந்தால் அவர் ஒரு மணி நேரம் கணக்கு. செவ்வாய், வெள்ளி. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "எனக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் மேடம்."

தாராளமாகத் தலையாட்டினேன். அவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு மகள் கல்லூரியே முடித்துவிடுவாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

முதல் வகுப்பு. மேடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எங்கே மாட்டுகிறாய் என்று மட்டும் கேட்டார். எல்லாத்துலயும் என்றாள் மகள். "எல்லாத்துலயும்னா, எந்த வரியில?"

ஒரு கணக்கை வரி வரியாகப் போடச் சொல்லி, அவள் பேனா எங்கே தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்டுபிடித்தது என்ன என்றால், பின்னம். அரை, கால், முக்கால். ஆறாம் வகுப்பில் அம்மை போட்டு ஒரு மாதம் வீட்டில் கிடந்தாளே, அப்போது நடத்தியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த ஓட்டையைச் சுற்றியே நடந்திருக்கிறாள். எந்த டீச்சருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மகளுக்குக் காது சிவந்துவிட்டது. மேடம் அதைக் கண்டுகொள்ளாமல், ஒரு ரொட்டியைக் கேட்டு வாங்கி வெட்ட ஆரம்பித்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

மேடம் இன்று முதல்முறையாக இருபத்தைந்தைத் தொட்டார். அந்தச் சந்தோஷத்திலேயே எங்கள் கேட் தூணையும் தொட்டார். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தும் பம்பர் உள்ளே போய்விட்டது. சொல்லித்தருகிறவளுக்கு என்று இந்த வண்டியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இல்லாவிட்டால் தூணும் போயிருக்கும்.

நல்லதாகப் போயிற்று. மகளின் வகுப்புத் தோழன் ஒருவன், நெட்டையன் என்று கூப்பிடுகிறார்கள், இரண்டு நாளாக "ஆன்ட்டி, நானும் வரலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கணக்கில் இருபத்தெட்டு மதிப்பெண். அவன் அப்பா வைத்திருப்பது டிங்கரிங் பட்டறை. பம்பரைத் தட்டி, பெயிண்ட் அடித்து, இனி எது நசுங்கினாலும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். பையன் ஃபீஸ் அதுதான். மகளின் சிநேகிதி கிளியும் வருகிறாள். வாய் மூடாததால் அந்தப் பெயர். அவள் அம்மா மாதம் ஒருமுறை பெட்ரோல் போட்டுவிடுவதாக ஏற்பாடு. மூன்று பேருக்கும் ஒரே தொண்டைதானே என்று மேடம் சிரித்தார்.

இவர் மட்டும் கவலைப்படுகிறார். பையன் பாஸாகிறதுக்குள்ள வண்டியில் நசுங்க எதுவும் மிச்சம் இருக்காதே என்கிறார்.

நவம்பர் 27, வியாழன்

மகள் கடையில் தள்ளுபடியை மனக்கணக்காகச் சொன்னாள். கடைக்காரர் கால்குலேட்டரில் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சாதாரணமாக இருப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

மாதத் தேர்வு: மகள் நாற்பத்தாறு, நெட்டையன் ஐம்பது, கிளி ஐம்பத்திரண்டு. இந்த முறை காலுறைக்குள் இல்லை, குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். இவர் அதன் முன்னால் நின்று நிரம்ப நேரம் பால் எடுத்தார்.

ஜனவரி 23, வெள்ளி

மனசு சரியில்லை.

மேடம் இன்று சந்தைத் தெருவில் ஓட்டினார். இரண்டு பக்கமும் தள்ளுவண்டி, நடுவில் மாடு மாதிரி ஒரு லாரி. நாற்பதில் வந்து, இறக்கி, ஒதுங்கி, மறுபடி ஏற்றி. பின்னால் எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரே மூச்சில் நிறுத்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், நாளைக்கே சோதனைக்கு அனுப்பலாம்.

அனுப்பினால் லைசென்ஸ் வரும். மார்ச் இரண்டாம் தேதி புதுக் கிளைக்குப் போய்விடுவார். அங்கிருந்து திரும்புவதற்கே ஏழரை ஆகும். தேர்வு மார்ச் பதினேழு. மகள் இப்போது ஐம்பத்து நான்கில் நிற்கிறாள்.

"நான் எப்ப ரெடி ஆவேன் மேடம்?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டால் பாரம் குறையுமா பார்க்கிறேன்.

ரவுண்டானாவில் சரியாகத்தான் திரும்பினார். வலது பக்கம் பார்த்தார், கண்ணாடி பார்த்தார், எல்லாம் செய்தார். நான் என் பிரேக்கை மிதித்தேன். எதற்கு? ஒன்றுமே இல்லை. எதிரில் ஒரு ஈ காக்கா இல்லை. வண்டி குலுங்கி நின்றது. "பாத்தீங்களா, அவசரம். இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். சரி மேடம் என்று தலையாட்டினார். பிறகு வீட்டுக்கு வந்து என் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றேகால் மணி நேரம் சொல்லித்தந்துவிட்டுப் போனார்.

ஏன்டி இப்படிப் பண்ணினே? உன் பொண்ணு ரோடு போடணும்னு இன்னொருத்தி போற ரோட்டை அடைப்பியா? அந்தப் பொம்பளை மூணு தடவை தோத்துட்டு நாலாவதுக்கு உன்னை நம்பி வந்திருக்கா.

பிப்ரவரி 6, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மானம் கப்பலேறியது. அதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் பார், அதுதான் ஆச்சரியம்.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் வரைபடப் பாடம். நிறையப் புள்ளிகள் இருந்தால் அவற்றுக்கு நடுவில் எப்படி ஒரு கோடு போடுவது என்று. மேடம் புது உதாரணம் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு குட்டி நோட்டை எடுத்தார். முதல் வகுப்பிலிருந்து, ஒவ்வொரு வகுப்பிலும் நான் என் பக்கத்துப் பிரேக்கை எத்தனை முறை மிதித்தேன் என்று குறித்து வைத்திருக்கிறார். மனுஷிக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது போல.

பிள்ளைகள் புள்ளி வைத்தார்கள். முதல் வகுப்பு பத்தொன்பது, அடுத்து பதினேழு, பதினாறு. சரிந்து சரிந்து ஜனவரி நடுவில் பூஜ்யம். அப்புறம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிப்ரவரி மூன்று: ஒன்று.

"இந்தப் புள்ளி தப்பு" என்றான் நெட்டையன். எண்ணும்போது பிசகியிருக்கும் என்றாள் கிளி, இல்லாவிட்டால் ஆன்ட்டி தூக்கத்தில் மிதித்திருப்பார்களாம். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, அன்னைக்கு என்ன ஆச்சு?"

கண் கலங்கியதற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். போடவில்லை. கத்தியோடு போய் நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான் மிதித்தேன், நீங்கள் ஒரு மாதமாகவே தயார், லைசென்ஸ் வந்துவிட்டால் இந்த மேசைக்கு வரமாட்டீர்களே என்று பயந்தேன்.

மேடம் நோட்டை மூடினார். உங்களை மாட்டிவிட இல்லை மேடம், தனியாக விலகி நிற்கிற ஒரு புள்ளியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நானும் ஒண்ணு சொல்லணும். போன மாசம் ரெண்டு தடவை வண்டி அணைஞ்சுதே, அது தானா அணையலை. நான்தான் கிளட்சை விட்டேன். இங்கேருந்து எழுந்து, ஆளில்லாத வீட்டைப் போய்த் திறக்கறதுக்கு எனக்கும் அவசரம் இல்லை" என்றார்.

கிளி முதல்முறையாக வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெங்காயக் கை. அவர் உதறவில்லை.

அவர் போன பிறகு மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்ஷூரன்ஸ் அக்காவுக்கு நாளைக்கே டெஸ்ட் தேதி வாங்கும்மா. மீதியை நானே பாத்துக்கிறேன்." ஐம்பத்து நான்கிலிருந்து அறுபதுக்கு எப்படிப் பார்த்துக்கொள்வாள்? தெரியாது. ஆனால் என் தோளுக்குமேல் வளர்ந்துவிட்டாள் என்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 26, வியாழன்

சோதனை மைதானத்தில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே அதே அதிகாரி, மீசையும் அட்டையுமாக. மேடம் இன்று கிளம்பச் சொல்வதற்கு முன்பே கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். மேடு, திருப்பம், பின்னால் எடுத்து நிறுத்துவது. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வலதுகாலால் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், செருப்பு வார் அறுந்துவிட்டது.

இறங்கி ஓடி வந்தார். ஓடத் தெரியும் என்றே எனக்கு இதுவரை தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இரண்டு பேரும் குதித்தோம். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முழுசாகச் சந்தோஷமாக இருக்கிறது. நாளை வெள்ளி, கடைசி வகுப்பு.

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மணிக்கு மூன்று பிள்ளைகளும் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே. நெட்டையன் பழைய கேள்வித்தாளில் இருந்து ஒவ்வொன்றாகப் படிக்க, மகள் எந்த வரியில் மாட்டுகிறாள் என்று கிளி பார்த்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்கு வாசலில் ஒரு வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால், அலுவலகத்துச் சின்ன வெள்ளை வண்டி, நடைபாதையிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. மேடம் இறங்கினார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. அவ்வளவு தூரமும் தனியாக.

"லைசென்ஸ்தான் வந்துடுச்சே மேடம், நம்ம ஒப்பந்தம் முடிஞ்சுதே" என்றேன்.

"புதுசா லைசென்ஸ் வாங்கினவங்கதான் அதிகமா மோதறாங்க. எங்க ஆபீஸ் கணக்கு அப்படித்தான் சொல்லுது. முதல் வருஷம் முழுக்க எனக்குப் பயிற்சி வேணும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பிள்ளைகள் மேசையைத் தட்டியதில் தேநீர் கொட்டிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

எழுதிவிட்டு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, இவரையும் கேட்கவிடவில்லை. கேள்வித்தாளை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. காலுறை காலி, பார்த்துவிட்டேன்.

மே 8, வெள்ளி

இன்று முடிவு வருகிறது என்று தெரியும். எத்தனை மணிக்கு என்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பத்து மணி வகுப்புக்குப் போய்விட்டேன். புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர், இரண்டாவது வகுப்பு. வண்டி ஓடும்போது என் ஃபோன் டாஷ்போர்டு பெட்டிக்குள் அணைந்து கிடக்கும், என் சட்டம் அப்படி.

பிரதான சாலையில், காலைக் கூட்டத்தில், நாங்கள் இருபதில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் விடாமல் ஹாரன். எந்த மடையன் என்று கண்ணாடியில் பார்ப்பதற்குள் ஒரு வெள்ளை வண்டி எங்களை ஒட்டி வந்தது. ஐம்பதாவது இருக்கும். ஸ்டியரிங்கில் இன்ஷூரன்ஸ் மேடம். பக்கத்தில் என் மகள், கண்ணாடியை இறக்கி இடுப்புவரை வெளியே. எதையோ கத்துகிறாள், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு கையில் ஐந்து விரல், இன்னொன்றில் இரண்டு. ஏழு. பிறகு ஒரு கையை மடக்கி, மற்றதில் நான்கு. எழுபத்து நான்கு. இன்னொருதரம் காட்டினாள், எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. பின்னிருக்கையில் நெட்டையனும் கிளியும் ஆளுக்கொரு பக்கம் ஏதேதோ விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், அதை எண்ண என் கண் ஒத்துழைக்கவில்லை.

வெள்ளை வண்டி முந்திக்கொண்டு போயிற்று. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமாகவே அழுதேன். பல் டாக்டர் பயந்துபோய், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம் என்று கேட்டார். இல்லை, நன்றாக ஓட்டுகிறீர்கள், ஓரமாக நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். பாவம், இரண்டாவது வகுப்பிலேயே கச்சிதமாக நிறுத்தினார்.

மேடம் இண்டிகேட்டர் போடாமல்தான் முந்தினார். மகளை அப்படி வெளியே தொங்கவிட்டதும் தப்பு. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் செவ்வாய்க்கிழமை வருவார், அப்போது சொல்லிக்கொள்கிறேன்.